ஹுர்டிக்ரூட்டன் ஆள் பெயரன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பயணப் பக்கத்தில் வெளியான நார்வே கடற்பயணக் கட்டுரை, ‘ஹுர்டிக்ரூட்டன்’ என்பதை ஒரு மாலுமியின் பெயராகக் குறிப்பிட்டிருந்தது. உண்மையில் அது, 1893-ஆம் ஆண்டு கேப்டன் ரிச்சர்ட் வித் தொடங்கிய, நார்வேயின் கடலோரத் துறைமுகங்களை இணைக்கும் கப்பல் தடத்தின் பெயர். ‘ஹுர்டிக்’ என்றால் விரைவான; ‘ரூட்டெ’ என்றால் வழித்தடம்; ஈற்றிலுள்ள ‘ன்’, குறிப்பிட்ட அந்தத் தடம் என்று சுட்டும் விகுதி.

அசல் நார்வேச் சொல்லாகத் தோன்றும் இதன் இரு பகுதிகளுமே வந்தேறிகள் என்பதுதான் சுவை. முதற்பகுதி ஜெர்மன் வழியாக வந்தது; அதன் வேர், மோதலையும் முட்டித் தள்ளுவதையும் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருக்கிறது. மோதலுக்குப் பாய்வோரின் வேகமே பிற்காலத்தில் வெறும் விரைவு என்ற பொருளாகத் தணிந்தது போலும். இரண்டாம் பகுதி, ‘உடைத்துத் திறந்த வழி’ எனப் பொருள்படும் லத்தீன் தொடரில் பிறந்து, பிரெஞ்சு வழியே வடக்கே சென்றது. நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் நடத்துநரிடம் ‘இது திங்கள்சந்தை ரூட்டா?’ என்று கேட்கிறோமே, ஆங்கிலத்தின் வாயிலாக நம்மிடம் வந்த அந்த ‘ரூட்’டும் இதன் உடன்பிறப்பே.

அடுத்த பகுதியில் இவ்விளக்கத்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.