ஆடியில் தென்கடல் அடங்கியிருந்ததா?

மண்டபம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய மர்ம நாவலின் ஒன்பது அத்தியாயங்களையும் இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. மணமாகி வந்த நாள் முதல் துப்பறியும் கதைகளைத் தேடித் தேடிப் படித்தவள் என்ற உரிமையில், என் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு மீனவர், ஆடி மாத இரவில் தென்கடலில் வலை போட்டுத் திரும்பியதாகவும், கடல் குளம்போல் கிடந்ததாகவும் காவல் ஆய்வாளரிடம் சொல்கிறார். அந்த வரியைப் படித்ததும் தாள்களைக் கீழே வைத்துவிட்டேன். நம் ஊருக்குத் தெற்கிலும் வடக்கிலும் கடல். தெற்கிலிருந்து சோழகக் காற்று ஓங்கி வீசும் ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும் என்பதும், அப்போது வடகடல்தான் அடங்கியிருக்கும் என்பதும், வடக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கிய பிறகே இது தலைகீழாக மாறும் என்பதும் நம் கரையில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆகவே அவர் பொய் சொல்கிறார். துப்பை எல்லோர் கண்முன்னும் வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நீ கடந்து போயிருக்கிறாய். வெளியூர் வாசகருக்காக, இரண்டாம் அத்தியாயத்தில் படகுகளைத் தென்கரையிலிருந்து வடகரைக்கு மாற்றும் காட்சியையும் முன்கூட்டியே வைத்திருக்கிறாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில், அதுவரை யாரும் பேசாத ஒரு கடிதம் இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து கிடைக்கிறது; ஆய்வாளர் அதை வைத்தே வழக்கை முடிக்கப் பார்க்கிறார். இது எனக்கு வருத்தமாக இருந்தது. வாசகரிடமிருந்து ஒன்றை மறைத்து வைக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு; அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்க உரிமை கிடையாது. அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையின் முடிவு முறையற்றது என்று அன்றே சிலர் சினந்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தபோது, எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அங்கேயே இருந்ததையும், நானே அவற்றைத் தாண்டிப் போயிருந்ததையும் கண்டேன். நீ இன்னும் படிக்கவில்லை என்பதால் முடிவை இங்கே எழுதவில்லை.

அடுத்தது, உன் ஆய்வாளரின் பேச்சு. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று மூன்று இடங்களில் சொல்கிறார். அருமையான பழமொழிதான், ஆனால் தீர விசாரிக்கிறவர் அதை வாயால் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துத் தேவகோட்டையில் பிறந்த எழுத்தாளர் தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் கையிலுள்ள தேநீர்க் கோப்பைதான், ஒரு பொன்மொழியும் அல்ல. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றாலே 'எலிமென்டரி, மை டியர் வாட்சன்' என்கிறார்கள். கானன் டாயில் எழுதிய நான்கு நாவல்களிலும் ஐம்பத்தாறு சிறுகதைகளிலும் அந்த வாக்கியம் அப்படியே ஓரிடத்திலும் இல்லை. அவர் உண்மையாகவே எழுதியதில் என் மனத்தில் தங்கியது, 1892இல் வந்த பந்தயக் குதிரைக் கதையில் நாயைப் பற்றிய பேச்சு. இரவில் நாய் ஒன்றும் செய்யவில்லையே என்று காவல் அதிகாரி சொல்ல, அதுதான் விந்தை என்கிறார் ஹோம்ஸ். வந்தவன் தெரிந்தவன் என்பதால் நாய் குரைக்கவில்லை. வழக்கின் முடிச்சே அந்தப் பதிலுக்குள் இருப்பதால்தான் அது இத்தனை காலம் நிற்கிறது. உன் மீனவர் சொன்ன 'கடல் குளம்போல் கிடந்தது' என்ற வரிக்கும் அந்த வலிமை உண்டு. கடைசி அத்தியாயத்தில் ஆய்வாளர் அந்த ஒரு வரியை மட்டும் அவரிடம் திருப்பிச் சொல்லட்டும்; பழமொழியும் வேண்டாம், பெட்டிக் கடிதமும் வேண்டாம்.

அந்த மனிதர் பொய் சொன்னது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா, மருமகனைக் காப்பாற்றவா என்று நேற்று இரவு நெடுநேரம் யோசித்தேன். என் முடிவைத் தனித்தாளில் எழுதி, உறையில் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். மீதி அத்தியாயங்களை எழுதி முடித்த பிறகே அதைப் பிரிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா