துண்டறிக்கையில் இல்லாத கேள்வி: சேலத்து மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் நோய்த்தடுப்பு முகாம் நடத்தும் மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போகும் துண்டறிக்கைகளை நான் ஒன்றுவிடாமல் படிக்கிறேன். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்தும் காட்டுகிறேன். நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம், இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அலட்சியம் கூடாது, 30 வயதைத் தாண்டிய பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வர வேண்டும், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. எல்லாம் சரியான சொற்கள். தட்டுவடை செட்டைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதைக்கூட எங்கள் தெருவில் சிலர் கேட்டு நடக்கிறார்கள். 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு என் மாமியாரின் சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. அந்த மாத்திரைப் பையோடு வெயிலில் நடந்து வரும் பெண்ணுக்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

இத்தனை ஆலோசனைக்கும் நடுவில் ஒரு கேள்வியை மட்டும் நான் எங்கும் பார்க்கவில்லை. “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் வெள்ளிப் பட்டறைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வந்தவர்களுக்குப் பட்டறை என்றால் என்னவென்று தெரியும். தனிக் கட்டடமெல்லாம் கிடையாது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அங்கேயே வெள்ளி உருகும், கம்பி இழுபடும், வளையம் கோக்கப்படும், பொடி வைத்துப் பற்றவைப்பார்கள். சுவரின் மறுபக்கம் அடுப்படி. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்த முன்னறையைக் கடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். நாட்டின் பல ஊர்களில் குழந்தைகளின் காலில் கொஞ்சும் கொலுசு இப்படிப்பட்ட முன்னறைகளில் பிறந்ததுதான்.

அண்மையில் எங்கள் பகுதியில் ஒரு முகாம் நடந்தது. என் கொழுந்தனார் போய் வந்தார். அழுத்தம் கூடுதலாக இருந்தது. உப்பைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கையில் பட்டையைக் கட்டியவர் அவருடைய விரல்களைப் பார்த்திருப்பார். நகக்கண்ணெல்லாம் கறுத்து, பெருவிரல் ஓரத்தில் பழைய தீக்காயத் தழும்பு வரிசையாக இருக்கும். அந்த விரலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை. தொழிலைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றுவதே இல்லை. வயிற்றுவலி, காய்ச்சல் என்றால்தான் வாய் திறப்பார்கள்.

நீங்கள் கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று சொல்கிறேன்.

வெள்ளியைப் பற்றவைக்கும் பற்றாசில் பல வகை உண்டு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது ஒன்று, காட்மியம் என்ற உலோகம் சேர்ந்தது இன்னொன்று. காட்மியம் கலந்தது குறைந்த சூட்டிலேயே இளகி, இடுக்கில் நன்றாக ஓடும். வேலை வேகமாக முடியும் என்பதால் கைவேலைக்காரர்களுக்கு அதன்மேல் பிரியம். தங்க நகைக்கடைகள் கேடிஎம் என்று விளம்பரம் செய்ததும் இதே காட்மியப் பற்றவைப்பைத்தான். காட்மியம் 767 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளி உருகுவதற்கோ 961 டிகிரி வேண்டும். ஆக, பழைய கொலுசுகளை மூசை என்னும் உருக்கும் கிண்ணத்தில் போட்டு உருக்கும்போது, வெள்ளி இளகுவதற்கு முன்பே பழைய பற்றுகளில் இருக்கும் காட்மியம் புகையாகிக் கிளம்பிவிடுகிறது. பற்றவைப்பவர் நல்ல பற்றாசு வாங்கினாலும், அடுத்த தெருவில் பழைய வெள்ளியை உருக்குபவர் அந்தப் புகையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் புகை அன்றைக்குக் கொஞ்சம் இருமலைத் தரும். அளவு கூடினால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பட்டறையில் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்வார்கள். உண்மையில் அது நுரையீரல் அழற்சியாக முற்றி உயிரையே வாங்கக் கூடியது. சிறிது சிறிதாக உள்ளே போவது சிறுநீரகத்தில் தங்குகிறது. பாதியளவு வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். காட்மியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான்: முகாமில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை பெரும்பாலும் அல்புமின் என்ற புரதத்தைத்தான் காட்டும். காட்மியத்தால் முதலில் கசிவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறு புரதங்கள். பட்டையில் நிறம் மாறவில்லை என்பதற்காகப் பட்டறைக்காரரிடம் ‘சிறுநீரகம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. தொழில் என்ன என்று சீட்டில் எழுதியிருந்தால் அடுத்த பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்க உங்களுக்கே தோன்றும்.

என் மனத்தை மிகவும் அலைக்கழிப்பது தரை. பட்டறையில் கூட்டிய மண்ணை நாங்கள் வெளியே கொட்ட மாட்டோம். அதில் வெள்ளி இருக்கிறது. சேர்த்து வைத்து விற்போம், அதிலிருந்து வெள்ளி பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். தினமும் மாலையில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து அந்தத் தூசியை விளக்குமாற்றால் கூட்டிக் குவிப்பாள். தூசி கிளம்பி முந்தானையிலும் தலைமயிரிலும் படியும். அதே கையோடு எழுந்து போய்ப் பிள்ளைக்குச் சோறு பிசைவாள். அவளிடம் போய்த் தண்ணீர் தெளித்துத் துடை, மண்ணைக் கழுவி விடு என்றால் கேட்க மாட்டாள். அது கூலியைக் கழுவி விடச் சொல்வது. ஈரத்துணியால் துடை, அந்தத் துணியை ஒரே வாளியில் பிழி, இரவு முழுவதும் தெளியவிட்டு அடியில் தங்கும் வண்டலை எடுத்து வை, வெள்ளி எங்கும் போகாது என்று சொல்லிப் பாருங்கள், உடனே கேட்பாள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். இந்த ஒரு யோசனை உங்கள் துண்டறிக்கையில் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இரத்தசோகை இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள் என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்கிறீர்கள். பட்டறை வீட்டுப் பெண்ணிடம் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், மாத்திரை பரணில் கிடக்காது. பீடி விஷயமும் இப்படியே. புகையிலையிலும் காட்மியம் இருக்கிறது என்று எங்கள் ஆண்களிடம் யாரும் சொன்னதில்லை.

பிறகு திராவகம். வெடியுப்புத் திராவகத்தில், அதாவது நைட்ரிக் அமிலத்தில், வெள்ளி கரையும்போது செம்பழுப்பாக ஒரு புகை எழும். அதைச் சுவாசித்தவர் முதலில் லேசாக இருமிவிட்டு வேலையைத் தொடர்வார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ‘பகலில் என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்டால்தான் பிடி கிடைக்கும். திராவகம் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும் என்பதையும் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். இப்போது கண்ணைப் பொத்திக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவருகிறார்கள். கழுவ வேண்டிய நேரம் வழியிலேயே போய்விடுகிறது.

இதையெல்லாம் தொழிலாளர் துறை பார்த்துக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. இ.எஸ்.ஐ.-க்கும் பொதுவாக 10 பேர் கணக்குத்தான். அப்பா, மகன், மருமகள், கூலிக்கு இரண்டு பேர் என்று நடக்கும் எங்கள் முன்னறை எந்தக் கணக்கிலும் வராது. எங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்கும் ஒரே அரசு ஆள், ஒரே தொண்டு ஆள், முகாமுக்கு வரும் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வெள்ளிக்காரர்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். அம்மாப்பேட்டையில் குழித்தறியில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கும், ஜவ்வரிசி ஆலையின் ஈரத்தில் நிற்கும் பெண்ணுக்கும், மேக்னசைட் தூசியில் வேலை பார்த்தவருக்கும் ஒரே துண்டறிக்கை போதாது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மலைவாழ் பெண்ணிடம் தினமும் அரைமணி நேரம் நடங்கள் என்று சொல்வதில் என்ன பயன் இருக்கிறது? அவள் விடியலிலிருந்து மேடும் பள்ளமுமாக நடந்துகொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கு வேண்டியது பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே விஷமுறி மருந்து இருக்கிறதா என்ற விவரம். பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் வந்து சேர்வதற்குள் கழியும் நேரத்தை எண்ணிப் பார்த்து, மலைக்கென்று தனியாக ஓர் அறிக்கை எழுதுங்கள்.

பெர்னார்டினோ ராமஸினி என்ற மருத்துவரைச் சமூக மருத்துவப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்றும் கேளுங்கள் என்று இத்தாலியில் அவர் எழுதி 300 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதைப் பாடமாகவே வைத்திருக்கிற உங்களிடம் நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. புறநோயாளிச் சீட்டில் பெயர், வயதுக்குக் கீழே தொழில் என்று ஒரு வரி அச்சிடுங்கள். ‘கூலி’ என்று எழுதி முடித்துவிடாமல், என்ன கூலி, எத்தனை வருடம், வீட்டிலேயா வெளியிலேயா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்களை ஒரு நாள் பட்டறைக்கு அனுப்புங்கள். மூசை அடுப்பின் அருகில் பத்து நிமிடம் நின்றால் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

முகாம் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி. காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் கூலி போகும். அதனால் கிழவர்களும் குழந்தைகளும்தான் வருவார்கள், உருக்குபவரும் பற்றவைப்பவரும் வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையோ, விளக்கு வைத்த பிறகோ வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வேண்டாம், அப்போது பட்டறையில் தலை நிமிர நேரம் இருக்காது. முடிவுகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், அடுத்த முறை வேறு மருத்துவர் வந்தாலும் எடுத்துக் காட்ட உதவும்.

இடத்துக்கு நீங்கள் அலைய வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஏற்பாடு செய்து தருகிறோம், நாற்காலியும் தண்ணீரும் எங்கள் பொறுப்பு. முகாம் தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி ஆட்களை அழைத்து வர நானும் என் நாத்தனார்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சேலம் வெள்ளிப் பட்டறைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி