மாடியில் வைத்தால் சூரிய எக்ஸ்ரேயை அளக்கும் என்று விற்ற கருவி குறித்த புகார்

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியை, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ‘சூரிய எக்ஸ்ரே நிறமாலைமானி’க்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 2024 செப்டம்பரில் உங்களிடம் 6,800 ரூபாய்க்கு இந்தக் கருவியை வாங்கினேன். செயற்கைக்கோள் தரவை வாங்கித் திரையில் காட்டும் என்றது உங்கள் விளம்பரம். பெட்டியைப் பிரித்தால் இணைய வசதியே இல்லை. மொட்டை மாடியில் வைத்தால் போதும், எக்ஸ்ரேயைத் தானே அளந்துவிடும் என்கிறது கையேடு.

அது நடக்காத காரியம். சூரிய எக்ஸ்ரேயை வளிமண்டலம் மேலேயே உறிஞ்சிவிடுகிறது, தரைக்கு வருவதில்லை. அளக்க வேண்டுமென்றால் விண்வெளிக்குத்தான் போக வேண்டும். சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்-1இல் உள்ள சோலெக்ஸ் என்ற எக்ஸ்ரே கருவி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிலவைச் சுற்றும் சந்திரயான்-2இல் உள்ள எக்ஸ்எஸ்எம் என்ற சூரிய எக்ஸ்ரே கருவி, உள்ளே வரும் ஒவ்வொரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றலையும் பிரித்து, 1 முதல் 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றல் அலகு) வரை நொடிக்கொரு நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் என்ற வரைபடம், தரும். சூரியனில் வெடிப்பு நிகழும்போது அங்கே மெக்னீசியம் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்றுகூட அதிலிருந்து கணக்கிடலாம். உங்கள் கருவியில் வருவது ஒற்றைக் கோடு மட்டுமே. கைபேசி டார்ச்சை அடித்தால் கோடு எகிறுகிறது, உள்ளங்கையால் மூடினால் பூஜ்யத்துக்கு விழுகிறது. உள்ளே இருப்பது சாதாரண ஒளி உணரி.

அக்டோபர் 3 அன்று காலாண்டு விடுமுறை என்பதால் கருவி என் வீட்டு மாடியில் இருந்தது. அன்று மாலை 5:48க்கு எக்ஸ் 9 அளவு சூரிய வெடிப்பு உச்சத்தைத் தொட்டது (வெடிப்பின் எக்ஸ்ரே வலிமையைச் சி, எம், எக்ஸ் என்று ஏறுவரிசையில் வகைப்படுத்துவார்கள், எக்ஸ்தான் மிக வலியது). நம் ஊரில் அப்போது வெயில் இறங்கும் நேரம். உங்கள் கோடும் வெயிலோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு சின்ன மேடுகூட இல்லை.

கையேட்டிலும் பிழை. எம் வகை வெடிப்பு சி வகையைப் போல இரண்டு மடங்கு என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பத்து மடங்கு என்பதே சரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சார்ட்டில் எழுதியும்விட்டார்கள். எனக்குப் பணத்தைவிட இதுதான் பெரிய வருத்தம்.

உங்கள் சேவை எண்ணில் சொன்னதற்கு, லென்ஸைத் துடைத்து நல்ல வெயிலில் வையுங்கள் என்றார்கள். அது பதிலே இல்லை.

முழுத் தொகையையும் 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். கருவியை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ‘எக்ஸ்ரே’ என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து நீக்கி, இதை வாங்கிய மற்ற பள்ளிகளுக்கும் திருத்தம் அனுப்புங்கள். தவறினால் ரசீது, டார்ச் சோதனையின் வீடியோ இரண்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை