சமையலறைக்கு வெயில் இறங்க வழி

ஆசிரியருக்கு வணக்கம்.

நார்வேயின் ரியூகான் ஊரைப் பற்றி அவ்வப்போது படத்தோடு செய்தி வருகிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை வெயிலே எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்கு அது. 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்தில் வெயில் விழ வைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இவ்வளவு வெயில் காயும் சென்னையில் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக் காய் நறுக்குகிறோமே, அதை யார் எழுதுவது?

பழைய அடுக்குமாடிகளில் கீழ்த்தளச் சமையலறை ஜன்னல் திறப்பது ஓ.டி.எஸ். (ஓப்பன் டு ஸ்கை) என்கிற, கட்டடத்துக்கு நடுவே வானம் பார்க்கத் திறந்துவிட்ட அந்தக் குறுகலான சந்துக்குள்தான். சுவரெல்லாம் பாசி, குழாய், புறா எச்சம். சித்திரையில் உச்சிவெயில் நேராக இறங்கிவிடும், சரி; மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வெயில் மேல்மாடிச் சுவரோடு நின்றுவிடுகிறது. அப்போது மொட்டை மாடியில் சந்தின் வடக்கு விளிம்பில், தெற்குப் பார்த்து, முகம் கொஞ்சம் கீழே குனிந்தாற்போல் ஒரு கண்ணாடியைப் பொருத்தினால் மதிய வெயில் தரைத்தளம் வரை இறங்கும்.

அது நாளெல்லாம் நிற்காது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, வெளிச்சத் திட்டும் கூடவே நகர்ந்து சுவரில் ஏறிவிடும். ரியூகானில் கம்ப்யூட்டர் வைத்துக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். அதனால் என்னைக் கேட்டால் முதல் வேலை சந்துச் சுவரைத் தேய்த்துக் கழுவிப் பளபளப்பில்லாத வெள்ளை அடிப்பது. மேலிருந்து வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது நாலாபக்கமும் சிதறடித்துக் கீழே அனுப்பும், மேகமூட்டமான நாளிலும்கூட. கண்ணாடி அப்புறம்தான்.

வைப்பதானால் தட்டைக் கண்ணாடியாக இருக்கட்டும். குழிந்த பரப்பு வெயிலை ஓரிடத்தில் குவித்துவிடும். அதே 2013இல் லண்டனில் உள்நோக்கி வளைந்த கண்ணாடி முகப்புள்ள ஓர் உயரமான கட்டடம், தெருவில் நின்ற காரின் பாகங்களையே உருக்கிவிட்டது. எதிர்வீட்டார் கண்ணில் கூசாமல் திருப்புங்கள். காற்றில் பெயர்ந்து விழாமல் இருக்க, கனமான கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் கண்ணாடித் தகடு போட்டு நன்றாக முடுக்குவது நல்லது.

இதெல்லாம் பெரிய செலவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் கேட்டால்தான் சிக்கல்: மேல்மாடிக்காரர்களுக்கு வெளிச்சம் வருகிறது, அவர்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பார்கள். லிஃப்ட் பராமரிப்புக்குத் தரைத்தளத்தாரிடமும் வசூலிக்கிறார்களே, அந்தக் கணக்கில் இதையும் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
தரைத்தளத்தில் குடியிருக்கும் வாசகர்,
சென்னை