ஓடைக்கரைகளில் கெக்குன மரம் நடுங்கள்: பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாமையாளர்களுக்கும் வன அதிகாரிகளுக்கும்,

கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டைப் பக்கங்களில் கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும் ஓடைக்கரைகளிலும் மரம் நடப் புறப்படும்போது, பெரும்பாலும் யூகலிப்டஸ் கன்றுகளும் அல்பீசியாக் கன்றுகளுமே லொறியில் வந்து இறங்குகின்றன. கொழுந்தை உலர்த்த ஆலைக்கு விறகு வேண்டும் என்பதை அறிவோம். விறகுக்கென ஒதுக்கிய மலைகளைப் பற்றி இம்மடல் எதுவும் கேட்கவில்லை. ஓடையோரத்து நிலத்திலாவது கெக்குன மரத்தை நடுமாறும், ஏற்கெனவே நிற்பவற்றை வெட்டாதிருக்குமாறும், அவற்றின் கொட்டையைப் பொறுக்கும் உரிமையை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்களுக்கு எழுத்தில் தருமாறும் கேட்கிறேன்.

இலங்கைக்கே உரிய இம்மரம், ஈரவலயத்தின் பசுமைமாறாக் காடுகளில் தாழ்நிலத்திலிருந்து நடுத்தர உயரம் வரை வளர்வது. ஆகவே நுவரெலியாவின் குளிருக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. பட்டையிலிருந்து கசியும் பிசினைத் தணலில் இட்டால் குங்கிலிய வாசம் எழும். தென்னிந்திய மலைகளின் கருங்குங்கிலிய மரமும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உதிர்ந்த பழத்தின் சதை அழுகிய பின் எஞ்சுவது கல்லைப்போல் இறுகிய கொட்டை. அதைப் பீலித் தண்ணீரில் கழுவி, ஒரு கல்லின்மேல் படுக்கவைத்து, கவ்வாத்துக் கத்தியின் முதுகால் நடுவில் அளவாக ஓர் அடி கொடுத்தால் பருப்பு முழுதாக வெளிவரும். அடி மிஞ்சினால் ஓட்டுத்தூளோடு நசுங்கி எறும்புக்குத்தான் போய்ச் சேரும். எண்ணெய்ப்பசை மிகுந்த அப்பருப்பைப் பச்சையாகவே தின்னலாம்.

இதே பேரினத்து மரங்களின் கொட்டைகள் பிலிப்பைன்சின் பிகோல் பிரதேசத்தில் ‘பிலி’ என்றும், சொலமன் தீவுகளில் ‘ஙாலி’ என்றும் உடைத்து, வறுத்து, பொதிசெய்து விற்கப்படுகின்றன. நம்மிடமுள்ள மரமோ பலகைக்கும் பெட்டிக்கும் உரிய மென்மரம் என்ற கணக்கிலேயே இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். ஒரு மரம் இதைத் தீர்த்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் பேதையல்லன். ஆனால் கொழுப்புச்சத்துள்ள உணவொன்று லயத்துக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடக்கும்போது, அதைப் பொறுக்கப் போகும் பிள்ளையைக் காவற்காரர் விரட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் நிலம் அரசுடையதாகவே இருந்துவருகிறது. பொறுக்கும் உரிமையை வழங்குவது எவருடைய சொத்தையும் பறிப்பதாகாது. எங்கள் லயத்துக்கு மேலே ஓடையோரம் நின்ற முதிர்ந்த மரமொன்றை விறகுக்கென அறுத்தபோது, அதில் காய் இருக்கிறதா என்றுகூட எவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கன்று வழங்குவோர் ஒன்றில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். தெல் கெக்குன எனப்படுவது வேறு குடும்பத்து மரம். வெளிநாட்டிலிருந்து வந்து நம் தோட்டங்களில் பரவியது. அதன் கொட்டையிலிருந்து விளக்கு எரிக்கும் எண்ணெய் எடுப்பார்கள். பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். சாம்பல் பூத்தாற்போன்ற தனி இலை கொண்டது அது. ஒரே காம்பில் பல சிற்றிலைகள் எதிரெதிரே அமைந்த கூட்டிலை கொண்டது நான் கேட்கும் கெக்குன. இவ்விரண்டும் நாற்றுமேடையில் கலந்துவிட்டால் பிற்காலத்தில் பிள்ளைகளின் வயிறுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

1970களில் சிங்கராஜக் காட்டில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்கள் இறங்கியதையும், மக்கள் எதிர்ப்பினால் 1977இல் அவ்வேலை நின்றதையும், 1988இல் அக்காடு உலக மரபுரிமையானதையும் திணைக்களம் நன்கறியும். காட்டுக்குள் நிற்கும் மரங்களுக்கு அதனால் ஓரளவு காவல் கிடைத்தது. தோட்ட எல்லைக்குள் தப்பிநிற்கும் ஒற்றை மரங்களுக்கு அத்தகைய காவல் இல்லை. தோட்டந்தோறும் அவற்றை எண்ணி இலக்கமிடுவதிலிருந்து தொடங்கலாம். கித்துல்கல மாக்கந்தாவ ஒதுக்குக் காட்டை அண்டிய தோட்டங்களில் இதை முதலில் செய்தால், விதை சேகரிக்கவும் வழி பிறக்கும். மரங்கள் நிற்கும் இடங்களைக் காட்டித் தரவும், பழம் விழும் காலத்தில் கொட்டைகளைச் சேர்த்துத் தோட்ட நாற்றுமேடைக்குக் கொடுக்கவும் எங்கள் லயத்தார் ஆயத்தமாக உள்ளனர். எந்த அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் அறியத் தாருங்கள்.

இங்ஙனம்,
கினிகத்தேனைப் பகுதித் தோட்டமொன்றில் வசிப்பவன்