மழைக்காலத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு ஒரு பக்கம் வேண்டும்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நடக்கும் ஆயத்தக் கூட்டங்களில் மணல் மூட்டை, படகு, ஜேசிபி, முகாமுக்கான பள்ளிக்கூடம் எல்லாம் கணக்கில் வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை யார் யாருக்குப் பிரசவ நாள் என்ற கணக்கும் அங்கே வர வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதையும், குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும் நாங்கள் மறக்கவில்லை. பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். தண்ணீர் வடியட்டும் என்று பிரசவ வலி காத்திருக்காது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும். அதற்குப் போடும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லையென்றால்? அதே ரத்தப்போக்குக்குக் கொடுக்கும் மிசோபுரோஸ்டால் மாத்திரைக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. அது கையிருப்பில் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) கொடுக்கும்போதே பிரசவ தேதியும் பதிவாகிவிடுகிறது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது வருவாய்த் துறைக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியரையும் விஏஓவையும் ஒருநாள் சேர்த்து உட்கார வைத்தால் பட்டியல் தயாராகிவிடும்.

மலைக் கிராமங்கள்தான் அதிகம் கவலை தருகின்றன. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, சரியான சாலை இல்லாததால், தாயே சுமந்து நடந்தார். அது மழைக்காலம்கூட இல்லை. அல்லேரி, பீஞ்சமந்தைப் பெண்களை, நாள் நெருங்கும்போதே மலையிறக்கி, துணைக்கு ஒருவரோடு ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்க வைக்க வேண்டும். கூடவே வருகிறவருக்குச் சாப்பாடும் தினக்கூலி இழப்புக்கு ஏதாவதும் கொடுத்தால்தான் வருவார்கள்.

அப்புறம், முகாம்கள். அரிசி, பாய், போர்வையோடு நாப்கினும் கருத்தடை மாத்திரையும் வேண்டும். கழிப்பறையில் விளக்கும் உள்தாழ்ப்பாளும் இருக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எங்கே, யாரிடம் போவது என்பது முகாமில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

பட்டியல் செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும், 108 ஓட்டுநர்கள் கையிலும் இருக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்