கடன் கொப்பியை மூடிவிட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கழகங்களுக்கான ஜெர்சி தையலோ அச்சு வேலையோ எதுவானாலும், இனிப் பாதித் தொகை முன்பணமாக வந்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்போம். மீதியைப் பொதி கைமாறும் அன்றே தந்துவிட வேண்டும். கல்லாப்பெட்டிக்கு அடியில் இத்தனை காலமும் கிடந்த கடன் கொப்பியைச் சென்ற வாரம் மூடிவிட்டோம்.

இதைக் கேட்ட ஒரு கழகத் தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "போன மாதம்தானே கோப்பை தூக்கினோம் தம்பி, எங்களிடமுமா?" என்றார். நான் சுவரைக் காட்டினேன். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பச்சை ஜெர்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாரிஸ் அணியா என்று பலர் கேட்டதுண்டு. இல்லை. அது பிரான்ஸின் லிமோஜ் நகரக் கூடைப்பந்துக் கழகமான செர்க்ல் சென்-பியேருடையது. ஊரார் வாயில் அது 'சே-எஸ்-பே' (CSP).

1929இல் ஒரு தேவாலயப் பங்கின் இளைஞர் மன்றமாகப் பிறந்த கழகம் அது. லிமோஜ் பீங்கானுக்குப் பெயர்போன ஊர். மக்கள்தொகை சுமார் 1,30,000தான். அந்த ஊர் 1982இலும் 1983இலும் ஐரோப்பியக் கழகங்களுக்கான கோராச் கோப்பையை வென்றது. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தோற்றது யூகோஸ்லாவியாவின் ஷிபெங்கா அணி. அந்த அணியில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற, அப்போது இருபது வயதைக்கூடத் தொடாத டிராஜன் பெட்ரோவிச் ஆடினார் என்றால் எதிரியின் தரம் புரியும். 1988இல் ஐரோப்பாவின் கோப்பை வென்றோர் கோப்பையும் லிமோஜுக்கே வந்தது.

ஆனாலும் பேச வேண்டியது 1993 ஏப்ரலைத்தான். ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியக் கழகச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுக்கு லிமோஜ் போனபோது அதை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. அரையிறுதியில், லிதுவேனியாவின் நட்சத்திர வீரர் சபோனிஸ் ஆடிய ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டை 62-52 என்று வீழ்த்தியது. இறுதியில் எதிரே வந்தது இத்தாலியின் ட்ரெவிசோ அணி; அதன் நாயகன் டோனி குகோச். லிமோஜின் பயிற்சியாளர் போஜிதார் மால்கோவிச்சுக்கு அவர் புதியவர் அல்லர். யூகோஸ்லாவியாவின் ஸ்பிலிட் நகரில் குகோச்சை வைத்தே 1989இலும் 1990இலும் ஐரோப்பியப் பட்டம் வென்றவர் மால்கோவிச். பந்தைக் கையிலேயே வைத்து, நேரத்தைக் கரைத்து, எதிரியை மூச்சுவிடாமல் மறிக்கும் ஆட்டம் அவருடையது. கூடைப்பந்தையே கொன்றுவிட்டார் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கும் அது அழகாகத் தெரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. கடைசி நொடிகளில் பந்து குகோச் கையில். 23 வயது ஃப்ரெடெரிக் ஃபோர்த் குறுக்கே பாய்ந்து அதைத் தட்டிப் பறித்தார். 59-55 என்று லிமோஜ் வென்றது. பிரான்ஸின் இன்னொரு ஊரான மார்செய்யின் அணி கால்பந்தில் ஐரோப்பிய சாம்பியனானது அதற்கு ஆறு வாரம் கழித்துத்தான். 'என்றென்றும் முதல்வர்கள்' என்று மார்செய் ரசிகர்கள் முழங்கும்போதெல்லாம் லிமோஜ்காரர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

இனித்தான் கடன் கொப்பிக்குப் பொருத்தமான பகுதி. 2000ஆம் ஆண்டில் துஷ்கோ இவானோவிச் பயிற்சியில் லிமோஜ் பிரெஞ்சு லீக், பிரெஞ்சுக் கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் அள்ளியது. அதே கோடையில் கழகத்தை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். ஆடுகளத்தில் ஒரு குறையும் இல்லை; கணக்குப் புத்தகத்தில்தான் பள்ளம். வெற்றி பெற்ற வீரர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். 2004இல் கழகம் நொடித்தே போய், மூன்றாம் பிரிவில் தொடங்க வேண்டியதாயிற்று. மூன்று கோப்பைகள் அலமாரியில் இருந்தன. அவற்றைக் கொடுத்துச் சம்பளப் பாக்கியைத் தீர்க்க முடியாதே!

அப்போது தலைவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அதே ஃபோர்த். 2010இல் கழகம் முதல் பிரிவுக்குத் திரும்பியது. மறு ஆண்டே இறங்கி, 2012இல் மீண்டும் ஏறியது. 2014இலும் 2015இலும் ஸ்ட்ராஸ்பூரைத் தோற்கடித்து லீக் பட்டம் வென்றது. பந்தைப் பறித்த அந்த மனிதர் 2017 டிசம்பர் 31 அன்று 47 வயதில் காலமானார். நாங்கள் அந்த ஜெர்சிக்குச் சட்டம் போட்டது அடுத்த வாரத்தில்.

கொப்பியில் பெயர் உள்ளவர்கள் பதற வேண்டாம். பழைய பாக்கியை மூன்று தவணையில் கட்டலாம். வட்டி கிடையாது, யார் பெயரையும் வெளியில் சொல்லவும் மாட்டோம். பாக்கி தீரும்வரை அந்தக் கழகத்துக்குப் புதிய வேலை எடுப்பதில்லை, அவ்வளவுதான். சிறுவர் அணிகளுக்கு முன்பணம் கால்பங்கு போதும். கோடைப் போட்டிகளுக்கான அளவுகளைப் பெயரோடும் எண்ணோடும் எழுதித் தாருங்கள். எண்ணைத் தொலைபேசியில் சொல்லி, 6 கேட்டவருக்கு 9 அச்சான கதை இனி வேண்டாம்.

பச்சை ஜெர்சியைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அது விற்பனைக்கு இல்லை, முழுப் பணத்தையும் முன்பணமாகத் தந்தாலும்.

அன்புடன்,
கடைக்காரர்